உள்ரூம் வரைக்கும் வை-ஃபை

புதுப்பட்டினத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எந்த இரும்புச் சாமானும் இரண்டு வருஷம் தாங்காது. கடல் காற்று அப்படி. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால் எல்லாம் துரு ஏறிப் பொரிப்பொரியாக உதிரும். வெளிச்சுவரில் இருந்த டெலிபோன் டப்பாவைத் திறந்தால் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்துக் கிடக்கும். நாலு தூறல் விழுந்தால் லைன் போய்விடும். லைன் போனால் எனக்கு அன்றைய பிழைப்பு போய்விடும். அந்த வீட்டின்மேல் எனக்குத் தீராத எரிச்சல் இருந்தது.

என் கணவருக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வெளியே இருப்போம் என்று வந்தோம், இருந்துகொண்டே இருந்தோம். நான் வீட்டிலிருந்தபடி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துகொண்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார். அதை நான் ஹெட்போனில் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற பெண்களுக்கு வாய்த்த வேலை அது. யாருடைய ஈரலில் என்ன வளர்ந்திருக்கிறது, இனி என்ன செய்யலாம், என்ன செய்து பிரயோஜனமில்லை என்பதையெல்லாம் டைப் அடித்து முடித்துவிட்டு எழுந்துபோய்க் குக்கரில் பருப்பு போடுவேன். எதுவும் மனசில் ஒட்டாது. முகம் தெரியாதவர்கள்தானே.

கீழ் வீட்டில் ஓனரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்த குடும்பம். இவருக்கு மையத்தின் கேன்டீனில் வேலை கிடைத்து, ரிட்டயர் ஆகிறதற்குள் இந்த மாடி வீட்டைக் கட்டிவிட்டார். ஓனரம்மா பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். வாய்த்துடுக்கு அதிகம். மாடியில் நான் தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாவிட்டால் கீழேயிருந்தே என் பரம்பரையை இழுப்பார். அரைமணி கழித்துக் கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு வரும். ஒரே மகன். வளைகுடா நாட்டில் வெல்டர்.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் நோய் வந்தது. மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை பார்த்தார்கள். முடியெல்லாம் கொட்டி, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று ஓனரிடம் கேட்டேன். அவர் தட்டுத்தடுமாறி ஒரு வார்த்தையைச் சொன்னார். இனிச் செய்து பிரயோஜனமில்லை என்கிற இடத்தில் நான் தினமும் டைப் அடிக்கிற வார்த்தை. அன்றைக்கு எனக்குக் குக்கர் வைக்கக் கை வரவில்லை.

மகன் லீவு கேட்டுக்கொண்டே இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. கையில் எடுத்த வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் தங்கியிருந்த கேம்ப்பில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். போனில் என்னிடம், "அக்கா, உங்க வூட்ல நெட்டு கீதே, ஒரு வாட்டி அம்மாவ கேமராவுல காட்டுங்கக்கா" என்றான். காட்டலாம். ஆனால் என் கம்ப்யூட்டர் மாடியில், அந்த அம்மாவால் படியேற முடியாது. எங்களிடம் ஒரு லேப்டாப் இருந்தது. மாடியிலிருந்து வயர் இழுத்துக் கீழே ஹாலில் லேப்டாப்பை வைத்துவிடலாம், ஓனரம்மாவை உள்ரூமிலிருந்து ஹாலுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"ஹாலுக்கா? நான் வரமாட்டேன்" என்றார் ஓனரம்மா.

"பத்து நிமிஷந்தாம்மா. பையனைப் பாத்துட்டுத் திரும்பி வந்து படுத்துக்கலாம்."

"உனுக்குத் தெரியாது பொண்ணு. எங்க மாமியாருக்கு முடியாம கெடந்தப்ப, காத்து நல்லா வரும்னு சொல்லி ஹாலுக்குத் தூக்கியாந்தோம். அப்பால எங்க போச்சு கெழவி? நேரா கல்லறைக்குத்தான் போச்சு. ஹால்ல கொண்டாந்து போட்டா அவ்ளோதான். நான் என் ரூம்லயே கீறேன்."

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் இதே பயம் உண்டு. நடுவீட்டில் கட்டில் போட்டாலே தெருவில் பேச்சு ஆரம்பித்துவிடும். அதனால் மேற்கொண்டு வாதாடவில்லை. வயரையே உள்ரூமுக்குக் கொண்டுபோனோம். மாடி ஜன்னல் வழியாக இறக்கி, ஹாலின் ஓரமாகத் தரையோடு விட்டு, கட்டில்வரை என் கணவர் இழுத்தார். ஓனரம்மா அந்த நீல வயரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எடு அத்த."

"ஏம்மா?"

"ஆஸ்பத்திரில மூக்குல ஒண்ணு, கைல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு சொருகி வெச்சிருந்தாங்க. என் கட்டிலாண்ட இனிமே வயரே வரக்கூடாது. எடுன்றேன்ல."

வயர் இல்லாமல் வருகிற ஒன்று உண்டு என்று என் கணவர்தான் சொன்னார். அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் அது இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் சொல்லிவைத்து ஒரு ரூட்டர் வாங்கிவந்தார். இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி. மாடியில் என் மோடமிலிருந்து அதற்கு ஒரு வயர் கொடுத்து, பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த முகவரியைக் கம்ப்யூட்டரில் அடித்து, பாஸ்வேர்டு போட்டு, விளக்குகள் எல்லாம் பச்சையாகும்வரை நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டோம். அவருக்கு எதையும் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். எனக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

ரூட்டரை மாடிப்படி ஜன்னலில் வைத்தோம். லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நான் கீழே நடந்தேன். ஹாலில் சிக்னல் நாலு கோடும் தெரிந்தது. உள்ரூம் வாசலைத் தாண்டியதும் ஒரு கோடுகூட இல்லை. நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஆளுயர இரும்பு பீரோ ஒன்று, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் மறித்துக்கொண்டு நின்றது. அதைத் தள்ளி வைக்க வேண்டும் என்றேன். ஓனர் தயங்கினார்.

"வாஸ்து பாத்து மேஸ்திரி சொன்ன மூலைம்மா அது. அங்கதான் பீரோ இருக்கணும்னான். பாஸ்டர் கேட்டா திட்டுவாரு, ஆனா வூடு கட்னதுலேர்ந்து அங்கதான் கீது."

"யோவ், அதுல இன்னா பொதையலா வெச்சிகீற? தள்ளுய்யா" என்றார் கட்டிலிலிருந்து ஓனரம்மா.

பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதன்மேல் ஒரு பழைய சேலை தொங்கியது. வெயில் அடித்து அவளுக்குக் கண் கூசுகிறது என்பதற்காகப் போட்டதாக ஓனர் சொன்னார். அந்த அறையில் வெயில் வர வழியே இல்லை. பீரோவைத் தள்ளி முடித்ததும் அவர் முதல் காரியமாகச் சேலையின் முனையைக் கதவிடுக்கில் செருகி நன்றாக இழுத்துவிட்டார். ரூட்டரையும் இறக்கிவந்து ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், உள்ரூம் வாசலுக்கு நேராக வைத்தோம். இப்போது கட்டில்மேல் இரண்டு கோடு வந்தது.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. முதல் வெள்ளிக்கிழமை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகனின் குரல் "ம்மா" என்று வரும், நின்றுவிடும். மறுபடி போட்டால் மறுபடி நிற்கும். டெலிபோன் ஆபீஸையும் கடல் காற்றையும் திட்டிவிட்டு ஹாலுக்கு வந்து பார்த்தால், ரூட்டரை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. புதுப்பட்டினத்தில் டிவி ரிமோட், டார்ச் லைட், மிக்ஸி மோட்டார் எதுவாக இருந்தாலும் கவர் போட்டுத்தான் வைப்பார்கள். உப்புக்காற்று தின்றுவிடும் என்ற பயம். புதுச் சாமானாயிற்றே என்று ஓனர் இரட்டைக் கவராகப் போட்டிருந்தார். பெட்டி அடுப்பில் வைத்தது மாதிரிக் கொதித்தது.

"தொறந்து வெச்சா துரு புடிச்சிடாதாம்மா?" என்றார்.

"துருப்பிடிக்கட்டும், பரவால்ல. அது வரைக்கும் ஓடுனா போதும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் வந்தது. மகன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டி மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தான். தலையணையை அண்டக் கொடுத்து ஓனரம்மாவை நான் சாய்த்து உட்காரவைத்தேன். லேப்டாப் அவர் மடிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்தது. அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் அந்த நோய்க்காலத்தில் நான் பார்த்ததில்லை.

"டேய், இன்னாடா இப்டி கறுத்துட்ட. துன்றியா இல்லியா?"

"துன்றேம்மா. நீ எப்டி கீற?"

"எனுக்கு இன்னா. தோ, இந்தப் பொண்ணு வயரே இல்லாம உன்ன கொண்டாந்துட்டா பாரு."

மகன் எதிர்ப்பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். ஓனரம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் திரையின் கீழ் மூலைக்குப் போயிருந்தது.

"யார்ரா அது, ஓரத்துல குட்டியா ஒருத்தி? உன் ரூம்ல ஆயா யாருனா கீதா?"

நம்மை நமக்கே காட்டும் அந்தச் சின்னச் சதுரத்தை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கண்ணுக்குப் பழகிப்போன ஒன்று. பீரோவில் சேலை தொங்குவதைப் பார்த்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஓனரம்மா கையைத் தூக்கித் தலையில் வைத்தார். சதுரத்தில் இருந்தவளும் தலையில் கை வைத்தாள்.

மகன்தான், "நல்லாத்தாம்மா கீற, முடி தானா மொளச்சிடும்" என்றான். ஓனரம்மா என்னைப் பார்த்து, "அத்த மூடு" என்றார். கோபம் எல்லாம் இல்லை. கூட்டத்தில் முந்தானை விலகிவிட்டால் ஒரு பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி மெல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் புருஷனிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "இதுக்குத்தான் சேலய போட்டியா?" ஓனர் கட்டில் காலுக்கு அடியில் அட்டையைச் செருகுகிறவர்போலக் குனிந்துகொண்டே இருந்தார்.

நான் அந்தச் சதுரத்தை மறைக்கிற வழியைக் கண்டுபிடித்து வைத்தேன். பலனில்லை. "நான் என்னியே பாக்கறனா இல்லியான்றது இல்ல. அவன் பாக்கக்கூடாது. அவன் ஊருக்குப் போனப்ப எப்டி இருந்தனோ அதான் அவனுக்கு அம்மா. இத்த பாத்தா வயசு பூரா இதான் அவன் கண்ணுல நிக்கும்" என்றார். ஆனால் மகனைப் பார்க்காமலும் அவரால் இருக்க முடியவில்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை நான் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப் திரைக்கு மேலே நடுவில் இருந்த கேமராக் கண்ணில் ஒட்டினேன். ஓனரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதன்பிறகு வாராவாரம் அப்படித்தான். இவருக்கு மகன் தெரிவான். அவனுக்குக் கறுப்பாக ஒரு கட்டமும் அம்மாவின் குரலும். "எந்திரிச்சி நில்லு, பாக்கலாம்" என்பார். நிற்பான். "திரும்பு." திரும்புவான். "கட்டில காட்டு. கீழ இன்னாடா அவ்ளோ குப்பை?" சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வார். பேசக் களைப்பாக இருக்கும் நாட்களில் அவனை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவன் சட்டை அயர்ன் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். ஹாலில் ரூட்டரின் பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருக்கும். ஓனர் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் காவல் காப்பார். அந்த நாட்களில் மட்டும் எனக்கு அந்த வீட்டின்மேல் எரிச்சல் இல்லை.

ஒருநாள் மகன் என் செல்லுக்குப் போன் செய்தான்.

"அக்கா, அம்மா தூங்கும்போது ஒரு வாட்டி அந்தப் பொட்ட எடுங்கக்கா. அதுக்குத் தெரியவே வாணாம்."

"வேண்டாம்ப்பா. அம்மா வேண்டாம்னுட்டாங்க. நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

"ஒரு நிமிஷம்க்கா."

"செய்ய மாட்டேன்னு சொல்லுதேன்லா."

"எங்கம்மா மூஞ்ச நான் பாக்கறதுக்கு நீ யாரு குறுக்க?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் கேட்டது நியாயம் என்பதுதான் அதைவிட வலித்தது. அந்த அம்மா சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கு நடுவில் என் நெற்றிப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுதேன்.

ஓனரம்மாவுக்கு விஷயம் எப்படியோ விளங்கியிருக்க வேண்டும். அடுத்த தடவை நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது புருஷனைக் கூப்பிட்டு, என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார். "நான் பூட்டேன்னா அல்லாரும் சொல்லுவாங்க, பெத்த புள்ள, கடைசியா மொகத்த காட்டுன்னு. காட்டக்கூடாது. கேக்குதா யோவ்?"

ஓனர் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த அம்மா இறந்துபோனார். வெள்ளிக்கிழமைவரை இருந்திருக்கலாம். மகனுக்கு அன்றும் கம்பெனி விடவில்லை. அவனே அப்பாவிடம், "வெச்சிகினு இருக்காதீங்க நைனா, எனுக்கு எப்போ வுடுவானுங்கோன்னே தெரில" என்று சொல்லிவிட்டான். ஆனால் அடக்கத்தை மட்டும் நெட்டில் காட்டச் சொன்னான்.

அன்று சாயங்காலம் சவப்பெட்டியை ஹாலில் வைத்திருந்தார்கள். ரூட்டர் பக்கத்திலேயே இருந்ததால் படம் எப்போதும் இல்லாத அளவுக்குத் துல்லியமாக வந்தது. லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரோரமாக வைத்தேன். பொட்டை எடுக்கவில்லை. திரையில் அவன் வெல்டர் யூனிபார்மிலேயே நின்றான், வேலைக்கு நடுவில் ஓடிவந்திருக்கிறான். கோவளத்திலிருந்து வந்திருந்த ஓனரம்மாவின் தங்கை நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாம்மா இது, புள்ள ஒண்ணும் தெரிலன்றான்?"

நான் காரணத்தைச் சொன்னேன். "அவ நோவுல ஆயிரம் சொல்லியிருப்பா. பெத்தவ மொகம் பாக்காம ஒருத்தன் எப்டி இருப்பான்?" என்று நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டாள். சுற்றியிருந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள். கேமரா நாற்காலியின் உயரத்தில், நின்றிருந்தவர்களின் இடுப்பையும் காலையும் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நகருங்க, நகருங்க" என்று அங்கிருந்து அவன் கெஞ்சுவது ஜெபச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

பாஸ்டர் ஜெபித்து முடித்தார். பெட்டியை மூட வந்தவர்களில் ஒருவர், "மொகம் பாக்கறவங்கல்லாம் வந்து பாத்துக்கங்க" என்று குரல் கொடுத்தார். சனம் வரிசையாகக் குனிந்து பார்த்து அழுதது. கடைசியில் எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். தங்கை லேப்டாப்பைத் தூக்கப் போனாள். அதற்குள் ஓனர் வந்து கையை நீட்டித் தடுத்து, தானே அதை எடுத்தார். அதுநாள்வரை அவர் அதைத் தொட்டதில்லை. சாமி படத்தைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து நின்றார். அங்கே ஒரு கணம் என்னைப் பார்த்தார். கேமராக் கண் எங்கே என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் வலது கைக் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி வைத்தார். பிறகு திரையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்தார்.

"நைனா," என்று மகனின் குரல் வந்தது. "நைனா, இருட்டா கீது. ஒண்ணுமே தெரில நைனா."

"தெரியாதுடா. அம்மா உன்ன பாத்துகினு கீறா," என்றார் ஓனர். "கொஞ்சம் ஆடாம நில்லு."

நான் நின்ற இடத்திலிருந்து திரை சாய்வாகத் தெரிந்தது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நின்றான்.